கான்கிரீட்டுக்குள் பாதி கசடு

புனேயைச் சுற்றி எங்கே தோண்டினாலும் கறுப்புப் பாறைதான். சுமார் ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் அலை அலையாக ஓடிய எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் அது. அதை உடைத்தால் ஜல்லி, அரைத்தால் எம்-சாண்ட். ஹிஞ்சவாடியிலும் கராடியிலும் எழும் அடுக்குமாடிகளின் எடையில் பெரும்பங்கு இந்தக் கல்தான். ஆனால் சிமெண்டுக்கு வேண்டிய சுண்ணாம்புக்கல் புனேயில் இல்லை. சந்திரபூர், கலபுரகி போன்ற சுண்ணாம்புக்கல் வட்டாரங்களிலிருந்துதான் சரக்கு வர வேண்டும்.

ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறக்குறைய 2,400 கிலோ எடை இருக்கும். அதில் சிமெண்ட் 350 முதல் 400 கிலோதான். மிச்சமெல்லாம் ஜல்லி, மணல், தண்ணீர். ஆனால் அந்தக் கான்கிரீட்டை உண்டாக்கும்போது வெளியேறிய கார்பன் டை ஆக்சைடில் பெரும்பகுதி இந்தச் சிறு பங்கின் கணக்கில்தான் சேரும். உலகம் முழுவதும் மனிதர்கள் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 விழுக்காடு வரை சிமெண்டால் வருகிறது. உலகில் சீனாவுக்கு அடுத்தபடியாக அதிக சிமெண்ட் தயாரிப்பது இந்தியா.

சிமெண்டின் இந்த உமிழ்வுக்குக் காரணம் ஆலையில் எரியும் நிலக்கரி மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட இல்லை. சுண்ணாம்புக்கல் என்பது கால்சியம் கார்பனேட். அதைச் சுட்டால் 100 கிலோ தூய கல்லிலிருந்து 56 கிலோ சுண்ணாம்பு கிடைக்கும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். சூளையைச் சூரிய ஒளியாலேயே சூடாக்கினாலும் அந்த 44 கிலோ வெளியேறத்தான் செய்யும். சிமெண்ட் ஆலையின் மொத்த உமிழ்வில் ஏறத்தாழ 60 விழுக்காடு இப்படிக் கல்லுக்குள்ளிருந்தே வருகிறது. சுட்ட சுண்ணாம்பு, களிமண்ணில் உள்ள சிலிக்காவோடும் அலுமினாவோடும் 1,450 டிகிரி வெப்பத்தில் சேர்ந்து கோலிக்குண்டு போன்ற சாம்பல் நிற உருண்டைகளாகிறது. இதன் பெயர் கிளிங்கர். கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் ஓ.பி.சி. என்று மூட்டையில் அச்சிட்டு வரும் சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்ட். ஒரு டன் ஓ.பி.சி.க்குச் சுமார் 0.9 டன் கார்பன் டை ஆக்சைடு.

ஆகவே கான்கிரீட்டின் கார்பனைக் குறைப்பது என்றால், முதல் வேலை கிளிங்கரைக் குறைப்பது. அந்த இடத்தில் வேறு எதைப் போடுவது?

புனேக்கு ஒரு விடை மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. ராய்கட் மாவட்டத்தில், கொங்கண் கடலோரத்தில் டோல்வி என்ற ஊரில் பெரிய இரும்பாலை உண்டு. ஊதுலையில் ஒரு டன் இரும்பு உருகி வரும்போது 300 கிலோவுக்கு மேல் கசடு சேரும். கொதிக்கும் அந்தக் குழம்பின் மேல் தண்ணீரைப் பீய்ச்சி நொடியில் குளிர வைத்தால், படிகமாக இறுக நேரமில்லாமல் கண்ணாடித் தன்மை கொண்ட குருணையாகிவிடும். தானாக ஆறவிட்டால் அது வெறும் கல். இந்த அவசரக் குளியல்தான் அதற்கு உயிர் கொடுக்கிறது. குருணையை மாவாக அரைத்தால் வெளிர் நிறப் பொடி. கான்கிரீட்டை ஆயத்தமாகக் கலந்து அனுப்பும் ஆர்.எம்.சி. பிளாண்டுகளில் இதை ஜி.ஜி.பி.எஸ். என்றோ ஸ்லாக் என்றோ சொல்வார்கள். தனியாகத் தண்ணீரில் கலந்தால் மிக மெதுவாகத்தான் இறுகும். சிமெண்டோடு சேர்ந்தால், சிமெண்ட் நீரேறும்போது உண்டாகும் காரம் இதன் கண்ணாடியைக் கரைத்து, சிமெண்ட் தருவதைப் போன்ற பசையாக்கிவிடுகிறது.

ஒரு தோராயக் கணக்கு போடலாம். கன மீட்டருக்கு 380 கிலோ ஓ.பி.சி. போட்டால் சுமார் 340 கிலோ கார்பன் டை ஆக்சைடு. அதில் பாதியை ஸ்லாக் ஆக்கினால், அரைக்கும் மின்சாரத்தையும் சேர்த்து 180 கிலோவுக்குள் வரும். ஆயிரம் சதுர அடி ஃப்ளாட்டுக்கு 40 கன மீட்டர் கான்கிரீட் என்று வைத்துக்கொண்டால், 13 டன்னுக்கு மேல் இருந்தது 7 டன்னாகிறது. இதற்குப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. ஸ்லாக் சிமெண்டுக்கான இந்தியத் தர நிர்ணயம் 70 விழுக்காடு வரை கசடைச் சேர்க்க இடம் தருகிறது.

பிறகு ஏன் எல்லாரும் செய்வதில்லை? அதைக் கியூப் சோதனையில் பார்க்கலாம். தளத்துக்கு லாரி வந்ததும் கான்கிரீட்டை 15 சென்டிமீட்டர் கனசதுர அச்சுகளில் நிரப்பி, மறுநாள் அச்சைக் கழற்றி, தண்ணீர்த் தொட்டியில் போடுவார்கள். 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் எந்திரத்தில் வைத்து நசுக்குவார்கள். எம்-30 கான்கிரீட் என்றால் 28-ஆம் நாளில் அந்தச் சின்னக் கட்டி ஏறத்தாழ 69 டன் பாரம் தாங்க வேண்டும். பாதி ஸ்லாக் கலந்த கட்டி 7-ஆம் நாளில் பின்தங்கும். 28-இல் எட்டிப் பிடிக்கும். 56-இல் பல சமயம் முந்திவிடும். உடைந்த கட்டியின் உள்ளே பார்த்தால் பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம். கசடிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வருவது அது. காற்றுப் பட்டதும் சில நாளில் மறைந்துவிடும். முதல் தடவை பார்க்கிறவர்கள் கான்கிரீட் கெட்டுவிட்டது என்று பதறுவார்கள். பதற வேண்டியதில்லை, ஸ்லாக் வேலை செய்திருக்கிறது என்பதற்கு அது அடையாளம்.

சிக்கல் அந்த 7-ஆம் நாளில்தான். உயர்ந்த கட்டடங்களில் இப்போது அலுமினியத் தகடுகளால் செண்ட்ரிங் அடிக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு தளம் ஏற வேண்டும், தகடுகளை உடனுக்குடன் கழற்றி மேலே அனுப்ப வேண்டும். கான்கிரீட் முதல் நாட்களிலேயே இறுகினால்தான் அந்த வேகம் நடக்கும். டிசம்பர், ஜனவரியில் புனேயின் இரவு வெப்பம் 10 டிகிரியை ஒட்டி இறங்கும்போது ஸ்லாக் இன்னும் மெதுவாகிறது. வங்கிக் கடன், வட்டி, ஒப்படைக்கும் தேதி எல்லாம் அவசரத்தின் பக்கமே நிற்கின்றன. ஆனால் அடித்தளத்துக்கு இந்த அவசரம் கிடையாது. தடித்த ராஃப்ட் அஸ்திவாரத்தில் ஓ.பி.சி. மட்டும் போட்டால் உள்ளே சூடேறி வெடிப்பு விழலாம். ஸ்லாக் அந்தச் சூட்டையும் குறைக்கிறது. தூணுக்கும் தளத்துக்கும் அஸ்திவாரத்துக்கும் ஒரே கலவையை எழுதித் தருவது பொறியாளரின் சோம்பல் என்றே நான் சொல்வேன். இடத்துக்கு ஏற்ப எழுதினால், வேலையின் கால அட்டவணையைத் தொடாமலேயே கணிசமான கிளிங்கர் மிச்சமாகும்.

அனல் மின்நிலையச் சாம்பலும் இதே வேலையைச் செய்கிறது. கடையில் பி.பி.சி. என்று கேட்டு வாங்கும் மூட்டையில் 15 முதல் 35 விழுக்காடு வரை ஃப்ளை ஆஷ் இருக்கலாம். ஒரு டன் இந்தியச் சிமெண்டின் உமிழ்வு உலக சராசரியைவிடக் குறைவாக இருப்பதற்கு இந்தக் கலப்புச் சிமெண்ட் ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் கசடுக்கும் சாம்பலுக்கும் அளவு உண்டு. உலகத்தின் சிமெண்ட் தேவைக்கு முன் இரும்புக் கசடு மிகக் கொஞ்சம். நிலக்கரி குறையக் குறையச் சாம்பலும் குறையும். அதனால்தான் களிமண்ணை நோக்கிய ஆராய்ச்சி எனக்கு முக்கியமாகப் படுகிறது. சுவிட்சர்லாந்தின் இ.பி.எஃப்.எல். நிறுவனத்துப் பேராசிரியர் காரென் ஸ்கிரிவனர், கியூபாவின் பெர்னாண்டோ மார்ட்டிரேனா ஆகியோரோடு ஐ.ஐ.டி. டெல்லியும் ஐ.ஐ.டி. மெட்ராஸும் சேர்ந்து வளர்த்தது எல்.சி.3 என்ற சிமெண்ட். கிளிங்கர் 50 விழுக்காடு, சுட்ட களிமண் 30, சுடாத சுண்ணாம்புக்கல் 15, ஜிப்சம் 5. களிமண்ணுக்கு 700, 800 டிகிரி சூடு போதும். சுட்டால் வெளியேறுவதும் பெரும்பாலும் நீராவிதான். பீங்கானுக்கு ஆகாது என்று சுரங்கத்தில் ஒதுக்கிக் குவித்த மட்டமான களிமண்ணே இதற்குப் பயன்படும். ஓ.பி.சி.யோடு ஒப்பிட்டால் கார்பன் 30 முதல் 40 விழுக்காடு வரை குறைகிறது. ஜான்சியில் இதை வைத்து ஒரு மாதிரி வீடு கட்டிக் காட்டினார்கள். 2023-இல் இதற்கென ஐ.எஸ். 18189 என்ற இந்தியத் தரமும் வந்துவிட்டது. களிமண்ணில் உள்ள இரும்பால் சிமெண்ட் செம்மை தட்டுவது ஒரு தடை; சாம்பல் நிறமாக இருந்தால்தான் சிமெண்ட் என்று வாங்குகிறவர்கள் நம்புகிறார்கள்.

கான்கிரீட்டின் தேவையையே குறைப்பது இன்னொரு வழி. புனேயின் பி.ஜி. ஷிர்கே குழுமம் ஸ்வீடனின் சிபோரெக்ஸ் தொழில்நுட்பத்தைக் கொண்டுவந்து, காற்றுக் குமிழிகள் நிறைந்த இலேசான கட்டிகளை இந்தியாவுக்கு அறிமுகப்படுத்தியது. சுவரின் எடை குறைந்தால் அதைச் சுமக்கும் தூணும் உத்தரமும் மெலியலாம். இடிபாட்டுக் கான்கிரீட்டை ஜல்லியாக்குவதும் நல்ல வேலைதான், மலைகள் பிழைக்கும். ஆனால் கார்பன் கணக்கில் அதன் பங்கு சிறிது. எஞ்சும் உமிழ்வை ஆலையிலேயே பிடித்துவிடும் முயற்சியில் நார்வேயின் பிரெவிக் ஆலை 2025-இல் முதல் பெரிய அடியை வைத்தது. ஆண்டுக்கு 4 லட்சம் டன்னைப் பிடித்துக் கடலடிப் பாறைக்குள் அனுப்புவது அதன் திட்டம். செலவு மிக அதிகம். கிளிங்கரைக் குறைத்த பிறகு மிஞ்சுவதற்குத்தான் அந்த வழி ஏற்றது.

வீடு கட்டுகிறவர்களும் ஃப்ளாட் வாங்குகிறவர்களும் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்தெந்த இடத்தில் என்ன சிமெண்ட், அதில் எவ்வளவு ஸ்லாக் அல்லது சாம்பல்? கலப்புச் சிமெண்ட் என்று பதில் வந்தால் கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: எத்தனை நாள் தண்ணீர் விடுவீர்கள்? ஐ.எஸ். 456 விதிப்படி கலப்புச் சிமெண்டுக்கு 10 நாளுக்குக் குறையாமல் ஈரம் காக்க வேண்டும். 14 நாள் விட்டால் நல்லது. அதற்கு முன் தண்ணீரை நிறுத்தினால் மேற்பரப்பு பலவீனமாகி, உள்ளே கம்பி துருப்பிடிக்க வழி திறக்கும்.