வீட்டு வலையமைப்பில் அச்சுப்பொறிப் பகிர்வு

வீட்டில் உள்ள ஓர் அச்சுப்பொறியை அங்குள்ள எல்லாக் கணினிகளும் கைப்பேசிகளும் பயன்படுத்துமாறு அமைப்பது அச்சுப்பொறிப் பகிர்வு எனப்படும். இணைய இணைப்புக்காக வீட்டில் வைக்கப்படும் திசைவியே (பேச்சு வழக்கில் ரூட்டர்) இக்கருவிகளை ஒரே வலையமைப்பில் சேர்க்கிறது. பள்ளி, கல்லூரி மாணவர்கள் உள்ள வீடுகளில் தேர்வு நுழைவுச்சீட்டு, செய்முறைப் பதிவேட்டுப் பக்கங்கள், இ-சேவை வழியாகப் பெறும் வருமான, சாதிச் சான்றிதழ்கள் ஆகியவற்றை அச்சிட இம்முறை உதவுகிறது. ஆதார் நகல், வங்கிக் கணக்கு விவரம் போன்ற கோப்புகளைக் கடைக் கணினியில் விட்டுவிட்டு வரவேண்டிய நிலையும் இதனால் தவிர்க்கப்படுகிறது.

பகிர்வை அமைப்பது எளிது. ஆனால் அமைத்த சில வாரங்களில் அது வேலை செய்யாமல் போவதும் அடிக்கடி நிகழ்கிறது. அச்சு வரிசை எந்தக் கருவியில் இருக்கிறது என்பதை அறிந்தால் இத்தகைய சிக்கல்களில் பெரும்பாலானவற்றின் காரணம் விளங்கும்.

பின்னணி

பல கணினிகள் ஓர் அச்சுப்பொறியைப் பகிர்வது கணினி வலையமைப்பின் தொடக்க நோக்கங்களுள் ஒன்று. தமிழ்நாட்டில் ஒளிநகலுக்கே பெயராகிவிட்ட ஜெராக்ஸ் நிறுவனம், கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ஓர் ஆய்வு மையத்தை நடத்திவந்தது. 1970களின் தொடக்கத்தில் கேரி ஸ்டார்க்வெதர் அங்கு லேசர் அச்சுப்பொறியை உருவாக்கினார். அது விரைவானது, விலையும் மிகுதி. மையத்தின் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனியாக ஒன்றை வைக்க இயலாது. ஆல்டோ என்ற அம்மையத்துக் கணினிகளை ஒன்றோடொன்றும் அந்த அச்சுப்பொறியோடும் இணைப்பதற்காக, ராபர்ட் மெட்கால்ஃப் 1973 மே மாதம் ஈதர்நெட் முறையை எழுத்தில் முன்வைத்தார். இன்று வீட்டுத் திசைவியின் பின்புறம் காணப்படும் கம்பித் துளைகள் அந்த ஈதர்நெட்டின் வழிவந்தவையே.

மதுரை மாவட்டத்தில் வேறொரு வகைப் பகிர்வு நடந்தது. 2001இல் மேலூர் வட்டாரச் சிற்றூர்களில் இணைய மையங்கள் தொடங்கப்பட்டன. சென்னை ஐ.ஐ.டி., என்-லாக் நிறுவனம், அமெரிக்காவின் எம்.ஐ.டி., ஹார்வர்டு ஆகியவை இத்திட்டத்தில் பங்கேற்றன. சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான கார்டெக்ட் என்னும் கம்பியில்லாத் தொலைபேசித் தொழில்நுட்பம் ஊர்களுக்கு இணைப்பைக் கொடுத்தது. அங்கே ஓர் ஊருக்கே ஒரு கணினியும் ஓர் அச்சுப்பொறியும் பொதுவாயின. மையத்தை நடத்துபவர் வருவோரின் வேலைகளை வாங்கி, ஒவ்வொன்றாக அச்சிட்டுக் கொடுத்தார். வீட்டு வலையமைப்பிலும் அப்படி ஒரு நடத்துநர் தேவை. அந்த வேலையை ஒரு மென்பொருள் செய்கிறது. அதுவே அச்சு வரிசை.

அச்சு வரிசை

'அச்சிடு' என்ற கட்டளையைக் கொடுத்ததும் கோப்பு நேராகத் தாளுக்குச் செல்வதில்லை. முதலில் இயக்கி என்னும் மென்பொருள், பக்கத்தை அச்சுப்பொறிக்குப் புரியும் மொழியில் மாற்றுகிறது. அடுத்து, மாற்றிய பக்கம் வரிசையில் காத்திருக்கிறது. முன் வந்த வேலை முடிந்தபின் அது அச்சுப்பொறிக்கு அனுப்பப்படுகிறது. இருவர் ஒரே நேரத்தில் அச்சிட்டாலும் பக்கங்கள் கலந்துவிடாமல் இருப்பது இந்த வரிசையால்தான்.

பகிர்வில் இவ்வரிசை மூன்று இடங்களுள் ஒன்றில் அமையலாம்: வீட்டுக் கணினி ஒன்றில், அச்சுப்பொறிக்குள்ளேயே, அல்லது இடையில் வைக்கும் ஒரு சிறு வழங்கியில். எந்தக் கருவி எப்போதும் இயங்கவேண்டும், எதற்கு நிலையான முகவரி வேண்டும், பழுது வந்தால் எங்கே பார்க்கவேண்டும் ஆகிய மூன்று கேள்விகளுக்கும் விடை இதைப் பொறுத்தது.

பகிரும் முறைகள்

1. கணினி வழியாகப் பகிர்தல்: அச்சுப்பொறி யூ.எஸ்.பி. கம்பியால் ஒரு கணினியோடு இணைக்கப்படுகிறது. அக்கணினி மற்றவற்றுக்காக வேலைகளை வாங்கிக்கொள்கிறது. வலையமைப்பு வசதியில்லாத பழைய அச்சுப்பொறிகளுக்கு இது ஏற்றது. இந்திய வீடுகளிலும் கடைகளிலும் பரவலாகக் காணப்படும் கேனான் எல்.பி.பி. 2900 இவ்வகையைச் சேர்ந்தது. இதில் யூ.எஸ்.பி. இணைப்பு மட்டுமே உண்டு. பக்கத்தை அமைக்கும் வேலையின் பெரும்பகுதியைக் கணினியே செய்து தருகிறது. எனவே அந்தக் கணினி அணைந்திருந்தாலோ உறக்க நிலைக்குச் சென்றாலோ வேறு யாரும் அச்சிட முடியாது. இப்படிப் பகிரும் கணினியில் தானாக உறங்கும் அமைப்பை நிறுத்திவைக்க வேண்டும்.

2. அச்சுப்பொறியை நேராக வலையமைப்பில் சேர்த்தல்: வைஃபை அல்லது ஈதர்நெட் வசதியுள்ள அச்சுப்பொறி, திசைவியோடு தானே இணைகிறது. எந்தக் கணினியும் இயங்கவேண்டிய தேவை இல்லை, கைப்பேசியிலிருந்தும் அச்சிடலாம். புதிதாக வாங்குவோருக்கு இதுவே எளிய வழி.

3. அச்சு வழங்கி வைத்தல்: சில திசைவிகளின் பின்புறமுள்ள யூ.எஸ்.பி. துளையில் அச்சுப்பொறியைச் செருகிப் பகிரலாம். ராஸ்பெரி பை போன்ற சிறு கணினியில் லினக்ஸ் நிறுவி, அதனையும் வழங்கியாக்கலாம். அது குறைந்த மின்சாரத்தில் நாள் முழுவதும் இயங்கும். ஆனால் எல்லா அச்சுப்பொறிகளும் திசைவியின் துளையில் இயங்குவதில்லை. எச்.பி. லேசர்ஜெட் 1020, ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தன் உள்மென்பொருளைக் கணினியிலிருந்தே பெறுகிறது. சாதாரணத் திசைவி அதனை அனுப்புவதில்லை. லினக்ஸ் நிறுவிய சிறு கணினியால் அனுப்ப முடியும்.

அமைக்கும் விதம்

விண்டோஸ் கணினியில் பகிர்வதற்கு அச்சுப்பொறியின் பண்புகள் பகுதியைத் திறந்து, 'பகிர்தல்' பக்கத்தில் பகிர்வை இயக்கி, இடைவெளி இல்லாத சிறு பெயர் ஒன்றைக் கொடுக்க வேண்டும். வலையமைப்பு வகை 'பொது' என்று இருந்தால் விண்டோஸ் மற்றக் கணினிகளுக்குத் தன்னைக் காட்டாது. வீட்டு வலையமைப்பைத் 'தனிப்பட்டது' என மாற்றி, கோப்பு மற்றும் அச்சுப்பொறிப் பகிர்வை அனுமதிக்க வேண்டும். விண்டோஸ் 7உடன் வந்த ஹோம்குரூப் வசதி 2018இல் விண்டோஸ் 10இலிருந்து நீக்கப்பட்டது. பழைய வழிகாட்டிகளில் அப்பெயரைப் படித்துத் தேடுவோர் இதனை நினைவில் கொள்க. நீக்கப்பட்டது அந்த வசதி மட்டுமே; அச்சுப்பொறிப் பகிர்வு தொடர்கிறது.

லினக்ஸ், மேக் இயக்குதளங்களில் கப்ஸ் என்னும் மென்பொருள் அச்சு வரிசையை நடத்துகிறது. இது ஐ.பி.பி. என்னும் இணைய அச்சு நெறிமுறையைப் பயன்படுத்துகிறது. அதன் வழக்கமான துறை எண் 631. ஆப்பிள் கருவிகளுக்கான ஏர்பிரின்ட் 2010இல் வந்தது. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளுக்கு உதவும் மோப்ரியா கூட்டமைப்பு 2013இல் தொடங்கப்பட்டது. இவற்றை ஏற்கும் அச்சுப்பொறிகளுக்குத் தனி இயக்கி நிறுவத் தேவையில்லை. கூகுள் கிளவுட் பிரின்ட் சேவை 2020 டிசம்பர் 31உடன் நிறுத்தப்பட்டது. அதனை மட்டுமே நம்பிய பழைய கருவிகளுக்கு வேறு வழி அமைக்க வேண்டும்.

மின்தடைக்குப் பின் 'ஆஃப்லைன்'

அச்சுப்பொறி இயங்குகிறது, தாள் இருக்கிறது, இணையமும் வருகிறது. ஆனால் கணினி 'ஆஃப்லைன்' என்கிறது. மறுநாள் காலையில் தேர்வு இருக்கும் மாணவர் வீட்டில் இது சிறிய தொல்லை அன்று. இதற்கு மிகப் பரவலான காரணம் முகவரி மாற்றம்.

வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் திசைவி ஓர் ஐ.பி. முகவரியைத் தற்காலிகமாக வழங்குகிறது. எடுத்துக்காட்டாக, மதுரை திருநகரில் ஒரு வீட்டில் அச்சுப்பொறிக்கு 192.168.1.5 என்ற முகவரி கிடைத்தது எனக் கொள்க. கணினி அதனைக் குறித்து வைத்துக்கொள்கிறது. பிற்பகலில் மின்சாரம் நின்று திரும்பும்போது கருவிகள் ஒவ்வொன்றாக விழித்து முகவரி கேட்கின்றன. தான் முன்பு கொடுத்த முகவரிகளை மறந்துவிட்ட திசைவி, அந்த எண்ணை ஒரு கைப்பேசிக்குக் கொடுத்துவிட்டு அச்சுப்பொறிக்கு 192.168.1.8 எனக் கொடுக்கலாம். கணினியோ பழைய எண்ணிலேயே அச்சுப்பொறியைத் தேடுகிறது. குடி மாறியவரின் பழைய வீட்டுக் கதவைத் தட்டுவது போன்றது இது.

தீர்வு, திசைவியின் அமைப்புப் பக்கத்தில் அச்சுப்பொறிக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவைப்பது. அச்சுப்பொறியின் மாறாத வன்பொருள் எண்ணைக் குறிப்பிட்டு இதனைச் செய்யலாம். ஒருமுறை செய்தால் போதும்.

மின்தடையின்போது அச்சிட விரும்புவோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். லேசர் அச்சுப்பொறி மைத்தூளைத் தாளில் உருக்கி ஒட்டுவதற்கு உருளையைச் சூடாக்குகிறது. அந்நொடிகளில் அது பல நூறு வாட் மின்சாரத்தை இழுக்கும். சிறிய இன்வெர்ட்டரும் கணினிக்கான யூ.பி.எஸ். கருவியும் அதனைத் தாங்கா. மை அச்சுப்பொறிக்குச் சில பத்து வாட் போதும்.

மாடியில் ஒரு திசைவி, கீழே ஒரு திசைவி

கீழ்த்தளத்து வைஃபை மாடிக்கு எட்டவில்லை என்று பலர் இரண்டாவது திசைவியை வாங்கி மாடியில் வைக்கின்றனர். அதனை அப்படியே இணைத்தால் மாடியில் தனி வலையமைப்பு உருவாகிறது. கீழே 192.168.1 எனத் தொடங்கும் முகவரிகளும் மாடியில் 192.168.0 எனத் தொடங்கும் முகவரிகளும் இருந்தால், இவை இரு வேறு தெருக்கள். இரண்டிலும் இணையம் வரும்; ஆனால் கீழேயுள்ள கணினியிலிருந்து மாடி அச்சுப்பொறிக்கு அனுப்ப முடியாது. மாடியிலிருந்து தேடினாலும் கீழேயுள்ள அச்சுப்பொறி பட்டியலில் தென்படாது. இரண்டாவது திசைவியை 'அணுகு புள்ளி' நிலைக்கு மாற்றினால் இரண்டும் ஒரே வலையமைப்பாகும்.

விருந்தினருக்கான வைஃபையில் கைப்பேசி இணைந்திருந்தாலும் அச்சுப்பொறி தெரியாது. அந்த இணைப்பு வீட்டுக் கருவிகளிலிருந்து பிரித்தே வைக்கப்படுகிறது. விலை குறைந்த அச்சுப்பொறிகள் பலவும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இணையும். திசைவியில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் இயக்கப்பட்டிருந்தால் அவற்றால் சேர இயலாது.

தமிழ் எழுத்துருவும் பகிர்வும்

பகிர்வின் பயன் தமிழ்க் கோப்புகளில் நன்கு தெரியும். ஒருங்குறி பரவுவதற்கு முன் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் ஏராளமான தமிழ்க் கோப்புகள் தட்டச்சு செய்யப்பட்டன. இவற்றில் ஆங்கில எழுத்துகளுக்கான குறியீடுகளிலேயே தமிழ் வடிவங்கள் வைக்கப்பட்டிருந்தன. எழுத்துரு இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துகளே தெரியும். தமிழ்நாடு அரசு 2010 ஜூன் மாதம் ஒருங்குறியையும் தமிழ் அனைத்து எழுத்துரு 16 முறையையும் தரமாக ஏற்றது. எனினும் பழைய கோப்புகள் இன்னும் புழக்கத்தில் உள்ளன.

இத்தகைய கோப்பைப் பென் டிரைவில் எடுத்துச் சென்று வேறு கணினியில் அச்சிட்டால் எழுத்துகள் உடையக்கூடும். பகிர்ந்த அச்சுப்பொறிக்கு அனுப்பும்போது, பக்கம் எழுத்துரு உள்ள கணினியிலேயே திறக்கப்பட்டு எழுத்து வடிவங்களோடு செல்கிறது. எனவே மற்றக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாவிட்டாலும் தமிழ் சரியாக வரும். வெளியே கொண்டுபோய்த்தான் அச்சிட வேண்டும் என்றால், எழுத்துருவை உட்பொதித்த பி.டி.எஃப். ஆக மாற்றிக்கொள்வது நன்று.

பாதுகாப்பு

2021 ஜூலையில் விண்டோஸின் அச்சு வரிசை மென்பொருளில் கடுமையான பிழை ஒன்று வெளிப்பட்டது. 'பிரின்ட்நைட்மேர்' எனப் பெயர் பெற்ற அதன் வழியாகப் பிறர் கணினியைத் தம் கட்டுக்குள் கொண்டுவர முடிந்தது. மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது. ஆகஸ்ட் மாதத் திருத்தத்துக்குப் பின், பகிர்ந்த அச்சுப்பொறியின் இயக்கியை நிறுவ நிர்வாகி உரிமை தேவைப்பட்டது. அதுவரை இயங்கிய பகிர்வுகள் பல அப்போது தடைப்பட்டன. அதற்காகத் திருத்தங்களை நீக்குவது தவறு. நிர்வாகிக் கணக்கில் நுழைந்து இயக்கியை நிறுவுவதே சரியான வழி.

அச்சுப்பொறியை வெளி இணையத்துக்குத் திறந்துவிடக் கூடாது. 2018இன் இறுதியில், 9100 என்ற துறை திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான அச்சுப்பொறிகளில், ஒரு யூடியூப் சேனலுக்கு ஆதரவு கேட்கும் தாள்களை ஒருவர் எங்கிருந்தோ அச்சிட்டார். அது விளையாட்டாக முடிந்தது. உள்ளே நுழைய முடிந்தவர் வேறு எதையும் செய்திருக்கலாம். அச்சுப்பொறியின் அமைப்புப் பக்கத்துக்குக் கடவுச்சொல் இடுவதும், விற்கும் முன் அதனைத் தொழிற்சாலை அமைப்புக்கு மாற்றுவதும் நல்ல பழக்கங்கள். வீட்டு வைஃபையின் கடவுச்சொல் அதற்குள் சேமிக்கப்பட்டிருக்கும்.

பழுது வந்தால் பார்க்கும் வரிசை

1. வரிசையை வைத்திருக்கும் கருவி இயங்குகிறதா?
2. அனுப்பும் கருவியும் அச்சுப்பொறியும் ஒரே வலையமைப்பில் உள்ளனவா?
3. அச்சுப்பொறியின் இப்போதைய முகவரியும் கணினியில் பதிந்துள்ள முகவரியும் ஒன்றா?
4. வரிசையில் முடங்கிய பழைய வேலை ஏதும் நிற்கிறதா? அதனை நீக்கினால் பின்னால் காத்திருப்பவை வெளிவரும்.
5. இவை அனைத்தும் சரியாக இருந்தால் மட்டுமே இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவ வேண்டும்.

பலர் ஐந்தாவதிலிருந்து தொடங்குகின்றனர். முதல் நான்கையும் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். எதையும் நீக்கவோ பதிவிறக்கவோ தேவையில்லை.