அக்கி: முதல் மூன்று நாள் முக்கியம்

விலாவில் ஒரு பக்கம் மட்டும் எரிச்சல், குத்தல். சட்டை உரசினாலே வலிக்கிறது. வெளியே எதுவும் தெரியவில்லை. 'வாயுப்பிடிப்பா இருக்கும்' என்று தைலம் தேய்த்து இரண்டு நாள் போகிறது. பிறகு அதே இடம் சிவந்து, கொத்துக்கொத்தாக நீர்க்கொப்புளம் கிளம்புகிறது. விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து ஊர்களில் இதைப் பார்த்ததும் பெரியவர்கள், 'அக்கி வந்திருக்கு, போய் எழுதிக்கிட்டு வா' என்பார்கள்.

மண்பாண்டம் செய்பவர் காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் பூசி, சிங்கம், நாய் போன்ற உருவம் வரைந்துவிடுவார். பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும். சில வாரத்தில் கொப்புளமும் காய்ந்துவிடும். எழுதியதால்தான் போயிற்று என்று நம்பத் தோன்றுவது இயல்புதான். ஆனால் பெரும்பாலானவர்களுக்கு, எழுதினாலும் எழுதாவிட்டாலும், இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் தானாகவே ஆறிவிடும். சிக்கல் தோலில் இல்லை, நரம்பில் இருக்கிறது.

சிறு வயதில் உங்களுக்குச் சின்னம்மை போட்டிருந்தால், அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போய்விடுவதில்லை. நரம்பு முடிச்சுகளில் ஒடுங்கிக் கிடக்கிறது. வயது கூடும்போதோ, சர்க்கரை நோய், புற்றுநோய் சிகிச்சை, நீண்டநாள் ஸ்டீராய்டு மருந்து, எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குறையும்போதோ அது விழித்துக்கொண்டு, ஒரு நரம்பின் வழியே தோலுக்கு வருகிறது. அதனால்தான் உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டை போல வருகிறது. வெயில் சூட்டில் வரும் வேர்க்குரு வேறு, இது வேறு.

இதற்கு மருந்து உண்டு. அசைக்ளோவிர் மாத்திரையைக் கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் பலன் அதிகம். பெரியவர்களுக்கு வழக்கமான அளவு 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து வேளை, 7 நாள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் அளவு மாறும். ஆகவே கடையில் நீங்களாகக் கேட்டு வாங்க வேண்டாம். காவி எழுதுவதில் இந்த மூன்று நாளும் கழிந்துவிடுவதுதான் இழப்பு. உடைந்த கொப்புளத்தில் மண் பட்டால் சீழ் பிடிக்கவும் கூடும்.

உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே காட்டலாம். திண்டிவனம் அரசு மருத்துவமனையும், முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் இருக்கின்றன. புறநோயாளிப் பிரிவில் கட்டணம் கிடையாது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

நெற்றியிலோ, கண்ணைச் சுற்றியோ, மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்; பார்வையே பாதிக்கப்படலாம். காதில் கொப்புளம் வந்து முகம் ஒரு பக்கம் கோணினாலும் தாமதம் கூடாது.

கொப்புளம் ஆறிய பிறகும் சிலருக்கு எரிச்சல் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வயதானவர்களுக்கே இது அதிகம். 'புண்ணுதான் ஆறிடுச்சே, இன்னும் என்ன வலி' என்று வீட்டார் அலுத்துக்கொள்ள வேண்டாம், வலி நிஜம். சாதாரண வலி மாத்திரை இதற்குப் போதாது. நரம்பு வலிக்கென்றே தனி மருந்து உண்டு, மருத்துவரிடம் கேளுங்கள்.

அக்கி அக்கியாக ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டாது. ஆனால் கொப்புள நீர் பட்டால், சின்னம்மை வராதவர்களுக்குச் சின்னம்மை வரலாம். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் பொருக்குத் தட்டும்வரை தள்ளியிருப்பது நல்லது. மற்றபடி குளிக்கலாம், உப்பும் சேர்க்கலாம், பத்தியம் தேவையில்லை.

50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத் தடுப்பூசி இருக்கிறது, இரண்டு தவணை. அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இது இல்லை, விலையும் அதிகம். சந்தேகம் இருந்தால் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.