சுவருக்குள் ஒளிந்திருக்கும் ஆபத்து!

ஒரு தீப்பொறி என்ன செய்யும் என்பது சிவகாசி, விருதுநகர் மக்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பொறி வீட்டுச் சுவரிலேயே பறந்தால்?

விருதுநகரில் பிறந்த காமராசர், 1954 முதல் 1963 வரை முதல்-அமைச்சராக இருந்தார். அப்போது ஏராளமான கிராமங்களுக்கு மின்சாரம் வந்தது. வீட்டுக்கு இரண்டு விளக்கு. வசதி இருந்தால் ஒரு விசிறி. அதற்கு ஏற்றபடிதான் ஒயர் போட்டார்கள். மரச் சட்டத்தின் மேல் ரப்பர் உறை போட்ட ஒயர்!

இன்று மிக்சி, கிரைண்டர், பிரிட்ஜ், ஏ.சி. எல்லாம் வந்துவிட்டன. பழைய ஒயர் சுமை தாங்காமல் சூடாகிறது. ரப்பர் காய்ந்து உதிர்கிறது. கம்பியோடு கம்பி உரசினால் தீதான்!

மாற்றுவதற்கு என்ன செலவாகும்? முதலில் விளக்கு, விசிறி, பிளக்குகளை எண்ணிப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு 'பாயிண்ட்'. பெரும்பாலும் பாயிண்ட் கணக்கில்தான் கூலி. சுவரை வெட்டிக் குழாய் பதித்தால், கொத்தனார் கூலியும் பூச்சு வேலையும் சேரும். சுவரின் மேலேயே பிளாஸ்டிக் பட்டை அடித்தால், அந்தச் செலவு மிச்சம்.

கம்பியில் மட்டும் மிச்சம் பிடிக்கக் கூடாது. விளக்குக்கு 1.5, பெரிய பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். 'எர்த்' கட்டாயம் வேண்டும்.

கையில் பணம் குறைவா? உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு, எர்த்தையும் சமையல் அறையையும் முதலில் முடிக்கலாம்.

ஒயருக்கு ஆகும் செலவு, பல ஆண்டுகளுக்கு ஒரு முறை. தீப்பிடித்தாலோ, வீடே செலவு!