சல்சா இணை நடனம்

சல்சா என்பது இருவர் இணைந்து ஆடும் ஒரு நடன வகை ஆகும். கியூபாவின் சோன், மாம்போ ஆகியவற்றை அடிப்படையாகக் கொண்டு, 1960கள், 1970களில் நியூயார்க் நகரில் வாழ்ந்த கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ வழியினரிடையே இது வளர்ந்தது. முன்னதாக, நிறப் பாகுபாடு மிகுந்திருந்த 1950களில், அந்நகரின் பல்லேடியம் நடன அரங்கில் கறுப்பினத்தவரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் மாம்போ ஆடினர்.

ஆதி தாளத்தைப் போன்றே இதன் அடிப்படைச் சுற்றும் எட்டு எண்ணிக்கை கொண்டது. பொதுவாக 1, 2, 3, 5, 6, 7 ஆகியவற்றில் அடி வைக்கப்படும். 4, 8 இடைநிறுத்தங்கள்.

வகுப்புகளில் மாணவர்கள் அடிக்கடி இணை மாற்றிப் பயில்வர். ஏனெனில், நடன இரவுகளில் முன்கூட்டியே அமைத்த ஆட்டம் கிடையாது. ஒருவர் வழிநடத்த, மற்றவர் கைப்பிடியின் மெல்லிய அழுத்தத்தைக் கொண்டே அடுத்த அசைவை உணர்வார். இதனால் ஒரே மொழி பேசாத, முன்பின் அறியாத இருவரும் சேர்ந்து ஆட இயலும். ஆட அழைக்கப்படும் எவருக்கும் மறுக்கும் உரிமை உண்டு.