தவணைக்கு வாங்கிய கைத்தொலைபேசியும் காலபோகக் கடனும்

காலபோகம் தொடங்கும் வேளையில் பயிர்ச்செய்கைக் கடன் கேட்டு வங்கிக்குப் போகும் கமக்காரருக்குச் சில வேளைகளில் எதிர்பாராத பதில் கிடைக்கிறது. "கிறிப்பிலே உங்கள் பெயரில் நிலுவை காட்டுகிறது" என்கிறார்கள். தான் வங்கியிலே ஒருநாளும் கடன் எடுத்ததில்லை என்று அவர் சொல்லுவார். அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் பிள்ளையின் படிப்புக்கென்று தவணை முறையில் வாங்கிய கைத்தொலைபேசி, அல்லது அயலவரின் மோட்டார் சைக்கிளுக்குப் பிணை நின்று வைத்த கையெழுத்து, அவருக்கு முன்னதாகவே அங்கு போய்ச் சேர்ந்திருக்கும்.

விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் ஏ-35 வீதியோரமாக அமைந்த உடையார்கட்டு மக்களுக்கு இடப்பெயர்வைப் பற்றி எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 2009 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட முதலாவது பாதுகாப்பு வலயத்துள் இக்கிராமமும் அடங்கியிருந்தது. பின்னர் முகாம், அதன் பின் மீள்குடியேற்றம். உழவு இயந்திரம், மாடு, விதைநெல், காணி உறுதி எல்லாம் போன நிலையிலே திரும்பி வந்தவர்களுக்குக் கைக்காசு இல்லை. அந்த இடைவெளியிலேதான் லீசிங் கம்பனிகளும் நுண்கடன் நிறுவனங்களும் வன்னிக்குள் வந்தன. கிளிநொச்சி நகரிலே ஏ-9 வீதியால் நடந்து போனால் அவற்றின் பெயர்ப்பலகைகளை இன்றும் காணலாம்.

கிறிப் என்று சுருக்கமாகச் சொல்லப்படுவது இலங்கைக் கொடுகடன் தகவல் பணியகம். 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. வங்கிகளும் நிதிக் கம்பனிகளும் தாம் கொடுத்த கடன் விபரங்களை அங்கு அனுப்புகின்றன. யார் எவ்வளவு எடுத்தார், எந்த மாதம் கட்டினார், எந்த மாதம் தவறினார், யார் பிணை நின்றார் என்பனவெல்லாம் அடையாள அட்டை இலக்கத்தின் கீழ் பதிவாகின்றன. அது கறுப்புப் பட்டியல் என்று எமது மக்கள் நினைக்கிறார்கள். அப்படியல்ல. ஒழுங்காகக் கட்டியவரின் பெயரும் அங்கேயே இருக்கிறது. கடன் கொடுக்கலாம், கொடுக்கக்கூடாது என்று பணியகம் தீர்ப்புச் சொல்வதுமில்லை. கேட்ட வங்கிக்கு அறிக்கையைக் கொடுக்கிறது, முடிவு வங்கியினுடையது. சங்கக்கடைக் கணக்கும், ஊர் வட்டிக்காரரின் கொப்பியும் அங்கு போவதில்லை என்பதையும் சொல்லிவைக்க வேண்டும்.

இனிக் கைத்தொலைபேசிக்கு வருவோம். கடன் பதிவு பழுதாகிவிட்டால் தொலைபேசி இணைப்பே எடுக்க முடியாது என்று பயப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் வேண்டாம். முற்கொடுப்பனவு இணைப்பு, அதாவது காசைப் போட்டுவிட்டுப் பேசும் சிம், தேசிய அடையாள அட்டையைக் காட்டினால் கிடைக்கும். கம்பனி எமக்குக் கடன் தராதபடியால் எமது கடன் வரலாற்றைக் கேட்கத் தேவையுமில்லை. இம்முறையை உலகில் முதன்முதலிற் பரவலாக விற்பனைக்கு விட்டது போர்த்துக்கல் நாட்டுக் கம்பனி ஒன்று, 1995இல். அதே ஆண்டு ஒக்டோபர் 30இல்தான் வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சிக்கும் பின் வன்னிக்கும் வந்தது. வங்கிக் கணக்கும் நிலையான விலாசமும் இல்லாத மக்களுக்கு ஏற்ற ஏற்பாடு அந்த ஆண்டிலேயே எங்கோ தொடங்கியதை அன்று எவரும் அறிந்திருக்க நியாயமில்லை.

மாதக் கடைசியில் பட்டியல் வரும் பிற்கொடுப்பனவு இணைப்பு வேறு. அங்கே முதலிற் பேசிவிட்டுப் பிறகு கட்டுகிறோம், ஆகவே அது ஒருவகைக் கடன். மாதச் சம்பளக்காரருக்கு அது வசதியானது. கமக்காரருக்கு அதனால் பெரிய இலாபம் எதையும் நான் காணவில்லை. எடுத்தவர்கள் பாவிக்காமல் விடுவதென்றால் சிம்மைக் கழற்றி வீசிவிட்டால் போதாது. நிலுவையைக் கட்டி, எழுத்து மூலம் இணைப்பை முடித்துக்கொள்ள வேண்டும்.

உண்மையான சிக்கல் இணைப்பிலே இல்லை, கருவியிலேதான். 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது பாடங்கள் தொலைபேசிக்குள் வந்தன. சாதாரண போனிலே அந்தப் பாடம் வராது. கையில் இருந்த நகையை அடைவு வைத்தும், தவணைக்கும் பல குடும்பங்கள் தொடுதிரைப் போன்களை வாங்கின. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டபோதும் அந்தக் காலபோகம் தப்பவில்லை, விளைச்சல் விழுந்தது. 2022இல் 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில மாதங்களுள் 360 ரூபா அளவுக்கு ஏறியது. அரிசி, மண்ணெண்ணெய், உரம் எல்லாம் கூடவே ஏறின. போன் தவணை மட்டும் மாதம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

ஒரு கணக்குப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக மட்டுமே. கைக்காசுக்கு 40,000 ரூபா விலையான போனுக்கு 8,000 ரூபா முற்பணம் கட்டி, மிகுதியை மாதம் 3,600 ரூபாவாக 12 மாதம் கட்டுகிறோம் என்று வையுங்கள். தவணை மட்டும் 43,200 ரூபா. எமக்குக் கிடைத்த கடன் 32,000 ரூபா. மேலதிகமாகப் போனது 11,200 ரூபா. விற்பவர் இதை 35 வீத வட்டி என்பார். ஆனால் கடன் மாதாமாதம் குறைந்துகொண்டு போகிறது, வட்டியோ முழுத்தொகைக்கும் போடப்பட்டிருக்கிறது. குறையும் மீதிக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 60 வீதம் வரும்.

வட்டியைவிடப் பெரிய இடைஞ்சல் ஒன்று இருக்கிறது. எமக்கு வருமானம் அறுவடைக்கு வருகிறது. காலபோக நெல்லு மாசி, பங்குனியில் கைக்கு வரும். குளத்தில் தண்ணீர் இருந்தால் சிறுபோகமும் உண்டு. தவணையோ ஒவ்வொரு மாதமும் கேட்கிறது. நேர்மையான, உழைப்பாளியான கமக்காரர்கூட ஐப்பசி, கார்த்திகையிலே தவறிவிடுவார். அறுவடை முடிந்து முழுவதையும் கட்டினாலும் அந்த மாதங்கள் பிந்திய மாதங்களாகவே பதிவில் நிற்கும். அடுத்த போகத்துக்குக் கடன் கேட்கும்போது அதிகாரி பார்ப்பது அந்த மாதங்களைத்தான். ஆகவே போன் வாங்குவதென்றால் நெல்லு விற்ற கையோடு கைக்காசுக்கு வாங்குவதே புத்தி. இல்லையேல் ஊர்ச் சீட்டிலோ சிக்கன கடனுதவு கூட்டுறவுச் சங்கத்திலோ சேர்த்து வாங்கலாம். தவணைக்குத்தான் வாங்க வேண்டுமென்றால், "இந்தக் காசை யார் போடுகிறார்கள், கடையா, நிதிக் கம்பனியா?" என்று முதலிற் கேளுங்கள். அறுவடை மாதத்திலே கூடுதலாகக் கட்டிக் கெதியாக முடிக்க இடமுண்டா என்பதையும் கேளுங்கள்.

பெண்களின் குழுக்கடனில் இது இன்னும் சிக்கலாகிறது. ஒருவருக்கு மற்றவர் பிணை. ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்களும் மாட்டுப்படுவர். கிழமைக் கடனின் கொடுமை 2018இல் நாடளாவிய பேச்சானது. வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில், அவ்வாண்டு ஜூன் 30இல் மூன்று மாதத்துக்கு மேல் நிலுவையிலிருந்த பெண்களின் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்வதாக அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். உரிமம் பெற்ற நிறுவனங்களின் நுண்கடன் வட்டிக்கு 35 வீத உச்சவரம்பும் வந்தது. அப்படித் தள்ளுபடி பெற்றவர்கள் தமது பதிவில் அந்தக் கடன் இன்னும் நிலுவையாகக் கிடக்கிறதா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது.

வெளிநாட்டிலுள்ள பிள்ளைகளுக்கும் இதே வழக்குத்தான், வேறு உருவத்தில். பிரித்தானியாவில் போனையும் இணைப்பையும் சேர்த்து மாத ஒப்பந்தத்தில் எடுப்பதென்றால் கம்பனி எக்ஸ்பீரியன், இக்குவிபக்ஸ், ரான்ஸ்யூனியன் ஆகிய நிறுவனங்களின் பதிவைப் பார்க்கும். புதிதாக விசா கிடைத்த அகதிக்கு அங்கே ஒரு பதிவும் இராது. கடனே இல்லாதவரையும் கடன் கட்டாதவரைப் போலவே சந்தேகிப்பார்கள். கடை கடையாக விண்ணப்பித்தால் அந்த விண்ணப்பங்களும் பதிவில் ஏறி நிலைமையைப் பழுதாக்கும். முதலில் சிம் மட்டும் எடுத்துக்கொண்டு, போனைக் கைக்காசுக்கு வாங்குவதே வழி. அங்கு வசிக்க அனுமதி பெற்ற இலங்கைப் பிரசைகள், பொதுநலவாய நாட்டவர் என்ற வகையில் வாக்காளர் இடாப்பில் பதியலாம். அந்தப் பதிவு விலாசத்துக்குச் சாட்சியாகி உதவும். கட்டத் தவறிக் கைவிட்ட ஒப்பந்தம் ஆறு வருடங்களுக்கு அங்கே பதிவில் நிற்கும். "அண்ணை, உங்கட பேரிலை ஒரு போன் எடுத்துத் தாங்கோ" என்று கேட்கும் சிநேகிதருக்கு இரங்குமுன் பிள்ளைகள் இதை யோசிக்க வேண்டும்.

ஏற்கெனவே பதிவு பழுதானவர்கள் முதலிற் செய்ய வேண்டியது தமது அறிக்கையைத் தாமே எடுத்துப் பார்ப்பது. எவரும் தன்னுடைய அறிக்கையைக் கட்டணம் செலுத்திப் பெறலாம். கொழும்பிலுள்ள பணியகத்திலோ இணையம் ஊடாகவோ எடுக்கலாம். முடியாதவர்கள் தமது வங்கிக் கிளையில் வழி கேட்கலாம். அறிக்கையிலே தெரியாத கடனோ, கட்டி முடித்தும் நிலுவையெனக் காட்டும் கடனோ இருந்தால், அதை அனுப்பிய நிறுவனத்துக்கும் பணியகத்துக்கும் எழுத்தில் முறையிட வேண்டும். திருத்த வேண்டியது அனுப்பிய நிறுவனமே.

அப்போது கேட்கப்படுவது பற்றுச்சீட்டு. 2009இல் காகிதம் எல்லாவற்றையும் இழந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஒவ்வொரு தவணைச் சீட்டையும் பொலித்தீன் பையில் அடையாள அட்டைப் பிரதியோடு வையுங்கள். வெப்பத் தாளில் அடித்த சீட்டு சில மாதங்களில் வெளிறிவிடும், உடனே போட்டோப் பிரதி எடுங்கள். கடைசித் தவணை கட்டியதும் கடன் முடிந்ததென்று நிறுவனத்தின் கடிதம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். ஒப்பந்தம் விளங்காத மொழியில் இருந்தால் தமிழில் விளக்கம் கேட்கும்வரை கையெழுத்து வைக்க வேண்டாம். நிறுவனம் முறைப்பாட்டுக்குப் பதில் தராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். அந்த அழைப்பைச் சாதாரண முற்கொடுப்பனவுப் போனிலிருந்தே எடுக்கலாம்.