வெளிநாட்டில் ஒரு செமஸ்டர் – 14: பொலோனியாவில் கடைசி வாரங்கள்

இத்தாலியின் பொலோனியா பல்கலைக்கழகத்தில் இரண்டாம் செமஸ்டரின் வகுப்புகள் பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். ஒரு செமஸ்டருக்காக மட்டும் அங்கே வந்திருக்கும் வெளிநாட்டு மாணவருக்கு உண்மையான அலைச்சல் அதன் பிறகுதான். ஜூனும் ஜூலையும் தேர்வு மாதங்கள். தேர்வு எழுதி, மதிப்பெண் பதிவாகி, தங்கிப் படித்ததற்கான சான்றிதழ் வாங்கி, குடியிருப்பு அனுமதியைச் சரிபார்த்து, வாடகை அறையை ஒப்படைத்துவிட்டுத்தான் ஊரைவிட்டுக் கிளம்ப முடியும். இவற்றில் ஒன்று தள்ளிப்போனாலும் விமானச் சீட்டு வரை எல்லாம் தள்ளிப்போகும்.

இத்தாலியப் பல்கலைக்கழகங்களில் ஒரு பாடத்துக்கு ஒரே தேர்வு நாள் என்ற வழக்கம் கிடையாது. அப்பெல்லோ எனப்படும் தேர்வு அழைப்புகள் ஜனவரி–பிப்ரவரி, ஜூன்–ஜூலை, செப்டம்பர் என மூன்று பருவங்களில் வரும். ஒரே பருவத்துக்குள்ளும் ஒன்றுக்கு மேற்பட்ட தேதிகள் இருக்கும். எந்தத் தேதிக்குப் போவது என்பதை மாணவரே முடிவுசெய்து, அல்மாஎசாமி என்ற பல்கலைக்கழக இணையதளத்தில் பெயர் பதிய வேண்டும். உள்ளூர் மாணவர் இன்னும் தயாராகவில்லை என்றால் செப்டம்பருக்குத் தள்ளிப்போடுவார். அதிலும் முடியாவிட்டால் குளிர்காலம் இருக்கிறது. அரியர் என்ற அவமானமே இல்லாத ஏற்பாடு இது. ஆனால் ஜூலையில் வீட்டைக் காலிசெய்ய வேண்டிய பரிமாற்ற மாணவருக்கு இந்தத் தாராளம் பயன்படுவதில்லை. ஜூன் தொடக்கத்தில் ஒரு தேதி, ஜூலையில் இன்னொன்று என்றிருந்தால் முதலாவதை எடுத்துக்கொள்வதே விவேகம். கைதவறினாலும் இரண்டாவது மிச்சமிருக்கும்.

தேர்வுகளில் கணிசமானவை வாய்மொழியாகவே நடக்கின்றன. சட்டம், இலக்கியம், வரலாறு போன்ற துறைகளில் இது இன்னும் அதிகம். நம் கல்லூரிகளில் ப்ராஜெக்டுக்கு மட்டும் வைக்கும் வைவா அங்கே முழுப் பாடத்துக்கும் நடக்கிறது. பேராசிரியரும் உதவியாளரும் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க, பெயர் கூப்பிட்டதும் மாணவர் எதிரே போய் அமர்கிறார். தேர்வு பொதுவில் நடக்க வேண்டும் என்பது விதி. அதனால் தன் முறைக்குக் காத்திருப்பவர்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்து, முன்னே போனவரிடம் கேட்ட கேள்விகளைக் குறித்துக்கொள்வார்கள். இதைத் திருட்டுத்தனம் என்று யாரும் நினைப்பதில்லை. இளகிய மனதுள்ள பேராசிரியர், பிடித்த தலைப்பு ஒன்றைப் பேசச் சொல்லித் தொடங்குவார். அந்த வாய்ப்பை எதிர்பார்த்து ஒரு தலைப்பைத் தண்ணீர் பட்ட பாடாக வைத்திருப்பது எல்லா மாணவர்களுக்கும் வழக்கம். எழுதியே பழகிய வெளிநாட்டு மாணவர் திணறுவது இரண்டாவது கேள்வியில்தான். பாடம் தெரிந்திருந்தாலும் இத்தாலிய மொழியில் அதைக் கோவையாகச் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நடத்தப்படும் பாடங்களை எடுத்தவர்கள் மட்டும் இதிலிருந்து தப்புவார்கள்.

மதிப்பெண் 30-க்குக் கணக்கிடப்படும். தேர்ச்சி பெற 18 வேண்டும். முழு மதிப்பெண்ணுக்கும் மேலாகச் சிறப்பித்துச் சொல்ல ‘முப்பதும் பாராட்டும்’ என்று ஒரு படி உண்டு. வாய்மொழித் தேர்வு முடிந்த கையோடு பேராசிரியர் எண்ணைச் சொல்லி, ஏற்றுக்கொள்கிறீர்களா என்று கேட்பார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்பில் வந்து உட்காரும் உரிமை மாணவருக்கு உண்டு. 21 கொடுத்ததை மறுத்துவிட்டு மறுபடி வந்து 27 வாங்குபவர்கள் இருக்கிறார்கள், குறைந்துபோனவர்களும் இருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் நாள் நெருங்கிவிட்ட பரிமாற்ற மாணவர் பெரும்பாலும் கொடுத்ததை வாங்கிக்கொள்வார். முன்பெல்லாம் லிப்ரெத்தோ என்ற சிறு புத்தகத்தில் பேராசிரியர் கையால் எழுதிக் கையெழுத்துப் போடுவார். இப்போது எல்லாம் கணினியில். அந்தப் பதிவு முடியும்வரை பாடம் கணக்கில் வராது என்பதால், தேர்வு முடிந்த மறுநாளே ஊருக்குப் போகத் துடிப்பவர்கள் இணையதளத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

ஒரு கிரெடிட் என்பது ஏறக்குறைய 25 மணிநேர உழைப்பு. ஆண்டுக்கு 60, செமஸ்டருக்கு 30. எத்தனை கிரெடிட், எந்தெந்தப் பாடங்கள் என்பதைப் புறப்படுவதற்கு முன்பே மாணவர், சொந்தப் பல்கலைக்கழகம், இத்தாலியப் பல்கலைக்கழகம் ஆகிய மூவரும் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள். இடையில் பாடம் மாற்றியிருந்தால் அந்த மாற்றமும் ஒப்பந்தத்தில் ஏறியிருக்க வேண்டும். ஏறாத பாடத்தில் 30 வாங்கினாலும் ஊரில் அது செல்லாக்காசு. அதோடு, வந்த நாளும் கிளம்பும் நாளும் குறித்த சான்றிதழ் ஒன்றையும் வாங்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் திட்டத்தில் உதவித்தொகை தங்கிய காலத்தை வைத்தே கணக்கிடப்படுவதால், அந்தத் தேதிகளுக்குப் பண மதிப்பு உண்டு. ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய வாரங்களில் இத்தாலியே விடுமுறையில் இருக்கும். அலுவலக வேலை எதுவானாலும் ஜூலைக்குள் முடித்துக்கொள்வது நல்லது.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர்களுக்கு இன்னொரு தலைவலி, குடியிருப்பு அனுமதி. 90 நாட்களுக்கு மேல் தங்கும் மாணவர் இத்தாலிக்கு வந்த 8 வேலை நாட்களுக்குள் அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். விண்ணப்ப உறையை வாங்குவதும் கொடுப்பதும் தபால் நிலையத்தில். 16 யூரோ வருவாய் முத்திரையும் ஒட்ட வேண்டும். பிறகு க்வெஸ்தூரா எனப்படும் காவல்துறைத் தலைமையகத்துக்கு ஒரு நாள் போய்க் கைரேகை கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் அட்டை தயாராகி வருவதற்குள் செமஸ்டரே முடிந்துவிடுவது சாதாரணம். அதுவரை தபால் நிலையம் கொடுத்த ரசீதுதான் ஆதாரம். விசா காலாவதியாகி, கையில் ரசீது மட்டும் இருக்கும் நிலையில் இத்தாலியிலிருந்து நேராகச் சொந்த நாட்டுக்குப் போகலாம். வழியில் பாரிஸிலோ ஃபிராங்க்ஃபர்ட்டிலோ இறங்கி மாறினால் சிக்கல் வரக்கூடும். அவை வேறு ஷெங்கன் நாடுகள். சென்னைக்குத் திரும்பும் மாணவர் ரோமிலிருந்தோ மிலானிலிருந்தோ துபாய், தோஹா வழியாகப் பயணச்சீட்டு எடுப்பதற்குக் கட்டணம் மட்டும் காரணம் இல்லை.

பொலோனியாவில் அறை கிடைப்பது பெரும்பாடு என்றால், அதைத் திருப்பிக் கொடுப்பதும் சுலபமில்லை. 1998-ஆம் ஆண்டுச் சட்டம் வெளியூர் மாணவர்களுக்கென்று 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான தனி வாடகை ஒப்பந்தத்தை அனுமதிக்கிறது. அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்பதும், அதற்குச் சட்டப்படியான வட்டி உண்டு என்பதும் 1978-ஆம் ஆண்டிலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. வட்டியைக் கேட்டு வாங்கும் மாணவர் அபூர்வம். முழு அட்வான்ஸும் கைக்கு வந்தாலே அதிர்ஷ்டம் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். கடைசி மாத வாடகையை அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள் என்ற பேச்சு அங்கும் உண்டு. வீட்டுக்காரர்கள் அதற்கு ஒப்புவதில்லை, ஒப்பந்தத்திலும் அதற்கு இடமிருக்காது. ஒப்பந்தம் முடியும் முன்பே கிளம்புகிறவர் தனக்குப் பதில் ஆள் பிடித்துத் தர வேண்டியிருக்கும். பல்கலைக்கழகத் தெருவான வியா ஸம்போனியின் தூண்களில் கிழித்தெடுக்கும்படி தொலைபேசி எண் வெட்டிவிட்ட காகிதங்கள் ஒட்டப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம். சாவி கொடுக்கும் நாளில் சுவர், கட்டில், அடுப்பு எல்லாவற்றையும் வீட்டுக்காரரோடு சேர்ந்து பார்த்து, இருவரும் கையெழுத்திட்ட குறிப்பு ஒன்றை வைத்துக்கொள்ளாதவர்கள்தான் பின்னால் மின்னஞ்சலில் மல்லுக்கட்டுகிறார்கள்.

மாணவருக்கும் வீட்டுக்காரருக்குமான இந்த இழுபறி பல்கலைக்கழகத்தின் வயதையே கொண்டது. 1088-இல் தோன்றியதாகச் சொல்லப்படும் இந்தக் கல்விக்கூடத்துக்கு ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்தும் மாணவர்கள் வந்தார்கள். ஊராருக்கிருந்த உரிமை எதுவும் அவர்களுக்கு இல்லை. ஒரு ஜெர்மன் வணிகர் கடனைத் திருப்பாமல் ஓடிவிட்டால், அதை ஊரில் அகப்பட்ட ஜெர்மன் மாணவரிடம் வசூலிக்கும் பழக்கம்கூட இருந்தது. பேரரசர் பிரெடரிக் பார்பரோஸா 12-ஆம் நூற்றாண்டின் நடுவில் பிறப்பித்த ‘ஹபிதா’ ஆணை இதைத் தடைசெய்தது. பிறகு மாணவர்கள் நாடுவாரியாகச் சங்கம் கட்டினார்கள். வீட்டு வாடகையை நிர்ணயிக்க ஊரார் தரப்பிலும் மாணவர் தரப்பிலும் மதிப்பீட்டாளர்கள் அமர்ந்தார்கள். மாணவர்களிடம் இருந்த பெரிய ஆயுதம், கூட்டமாக ஊரைவிட்டுப் போய்விடுவது. 1222-இல் அப்படிப் போனவர்களால் உருவானதுதான் பாதுவா பல்கலைக்கழகம். இன்றைய மாணவர் ஒவ்வொருவராகக் கிளம்புகிறார், நகரம் அதைக் கவனிப்பதில்லை. ஆனாலும் குரல் அடங்கிவிடவில்லை. 2023 மே மாதம் மிலானில் வாடகை உயர்வை எதிர்த்து ஒரு மாணவி பல்கலைக்கழகத்தின் முன்னே கூடாரம் போட்டு உட்கார, அந்தப் போராட்டம் பொலோனியா, ரோம் உட்படப் பல நகரங்களுக்குப் பரவியது.

பார்க்காமல் விட்ட இடங்களைப் பார்த்துத் தீர்ப்பது கடைசி வார இறுதிகளில் நடக்கும். ஊரின் அடையாளமான அசினெல்லி கோபுரம் 97 மீட்டர் உயரம், 498 மரப்படிகள். பட்டம் வாங்கும் முன் அதில் ஏறினால் பட்டமே கிடைக்காது என்பது மாணவர்களிடையே பழைய நம்பிக்கை. பரிமாற்ற மாணவர்கள் ஊருக்குப் போகிறோமே என்று துணிந்து ஏறியதுண்டு. பக்கத்தில் சாய்ந்து நிற்கும் கரிசெண்டா கோபுரத்தின் நிலை மோசமாகி, 2023 அக்டோபரில் சுற்றிலும் தடுப்பு வைத்துவிட்டதால் அசினெல்லியும் மூடப்பட்டது; நம்பிக்கையைக் காப்பாற்றுவது அப்போது சுலபமாகிவிட்டது. சான் லூக்கா குன்றுக்கு ஏறும் தூண் மண்டபப் பாதை யாருக்கும் மூடப்படுவதில்லை. 666 வளைவுகள், ஏறக்குறைய 4 கிலோமீட்டர். நகரின் தூண் மண்டபங்கள் 2021-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஜூலையில் அந்த மண்டபங்களின் கீழே தலையில் லாரல் இலை வளையம் சூடிய புதுப் பட்டதாரிகளை நண்பர்கள் பாட்டுப் பாடிக் கேலிசெய்தபடி அழைத்துப் போவார்கள். பரிமாற்ற மாணவர் அந்தக் கூட்டத்தில் கைதட்டும் ஆள்தான், அவருடைய பட்டம் வேறொரு நாட்டில் இருக்கிறது.

மூட்டை கட்டும்போது புத்தகங்களும் குளிர்கால உடைகளும்தான் எடையை ஏற்றும். அவற்றைத் தபாலிலோ நண்பர்களிடமோ கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் 1933-இல் அல்போன்சோ பியலெத்தி சந்தைக்குக் கொண்டுவந்த மோக்கா காபிக் குடுவை ஒன்றை வைத்துக்கொள்வது வாடிக்கை. காற்று நீக்கிப் பொதிந்த பார்மிஜானோ பாலாடைக்கட்டி நீண்ட பயணத்தையும் தாங்கும். பொலோனியாவின் பெருமையான மோர்தடெல்லா என்ற பன்றியிறைச்சிப் பண்டம் தாங்கினாலும் சுங்கம் விடாது. அமெரிக்கா அதைப் பல பத்தாண்டுகள் தடைசெய்து 2000-இல்தான் அனுமதித்தது. மரியோ மோனிசெல்லி 1971-இல் எடுத்த ‘லா மோர்தடெல்லா’ படத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நியூயார்க் விமான நிலையத்தில் சிக்கிக்கொள்ளும் பெண்ணாக சோபியா லோரன் நடித்தார்.

விமானத்தில் போகிறவர்கள் ரயில் நிலையத்திலிருந்து 2020-இல் தொடங்கிய மார்கோனி எக்ஸ்பிரஸ் மோனோரயிலைப் பிடித்தால் சில நிமிடங்களில் விமான நிலையம். அதிவேக ரயிலில் மிலான் ஒரு மணிநேரம், ரோம் ஏறக்குறைய இரண்டு மணிநேரம். பிராந்திய ரயிலுக்குக் காகிதச் சீட்டு எடுத்தவர்கள் நடைமேடை இயந்திரத்தில் அதற்கு முத்திரை குத்தாமல் ஏறினால், பெட்டிகளோடு அபராதமும் சுமக்க நேரும். நிலையத்தின் வெளிச்சுவரில் ஒரு கடிகாரம் எப்போதும் 10.25-இல் நிற்கிறது. 1980 ஆகஸ்ட் 2 சனிக்கிழமை, விடுமுறைப் பயணிகள் நிறைந்திருந்த காத்திருப்பு அறையில் குண்டு வெடித்து 85 பேர் இறந்த நேரம் அது.

ஊர் திரும்பிய பிறகும் செமஸ்டர் முடியவில்லை. மதிப்பெண் பட்டியலை, முடிவுகள் வெளியான ஐந்து வாரங்களுக்குள் இத்தாலியப் பல்கலைக்கழகம் அனுப்பிவைக்க வேண்டும் என்பது எராஸ்மஸ் நடைமுறை. 30-க்கு வாங்கிய எண்ணைச் சொந்த ஊர் அளவுக்கு மாற்ற வெறும் விகிதக் கணக்குப் போட்டால் அநியாயமாகிவிடும். அங்கே எத்தனை சதவீதம் பேர் அந்த எண்ணை வாங்கினார்கள் என்ற அட்டவணையை வைத்து மாற்றுவதே முறை. இந்த அங்கீகாரம் கிடைக்காமல் போன ஒரு சம்பவத்திலிருந்துதான் திட்டத்தின் யோசனையே பிறந்தது. ரோம் நகரைச் சேர்ந்த சோபியா கொர்ராதி, ஃபுல்பிரைட் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சட்டம் படித்துவிட்டு 1958-இல் திரும்பியபோது, அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்துக்கொள்ள அவருடைய பல்கலைக்கழகம் மறுத்துவிட்டது. பிறகு கல்வியாளரான அவர் பரிமாற்றப் படிப்புக்கு அங்கீகாரம் வேண்டும் என்று பல ஆண்டுகள் மனுப் போட்டு அலைந்தார். 1987-இல் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்களோடு எராஸ்மஸ் தொடங்கியது. அதில் போய்வரும் மாணவர்களின் படிப்பை ஏற்க இப்போது பல்கலைக்கழகங்கள் கடமைப்பட்டிருக்கின்றன. மாணவர் தன் பங்குக்கு இணையத்தில் ஓர் அனுபவ அறிக்கையை நிரப்ப வேண்டும். உதவித்தொகையில் பிடித்துவைத்த கடைசித் தவணை இருந்தால், அதற்குப் பிறகுதான் வங்கிக் கணக்குக்கு வரும்.