அந்தச் சிவப்பு இறகுச் செடிக்கு என்ன பெயர்? மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் கணுவைப் பார்க்க வேண்டிய காரணம்

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வீட்டில் மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்குக் கொளத்தூர் கடைகள் பழக்கமான இடம். வாலிஸ்நேரியா, அமேசான் ஸ்வார்டு, ஜாவா ஃபெர்ன் எல்லாம் அங்கே எப்போதும் கிடைக்கும். எப்போதாவது ஒரு நாள், வேறெங்கும் பார்த்திராத ஒரு கட்டு கண்ணில் படும். மெல்லிய இறகு போல இலை, செம்பு நிறத் தண்டு. "அண்ணா, இது என்ன செடி?" என்று கேட்டால், "ரெட் கபோம்பா தம்பி, ரேர் பீஸ்" என்பார். அதே மாதிரி ஒரு கட்டுக்கு இன்னொரு கடையில் "ரெட் ஆம்புலியா" என்று பெயர் சொல்வார்கள். எது சரி?

பேர்ல என்னங்க இருக்கு என்று விட்டுவிட முடியாது. ஆம்புலியாவின் பல வகைகள் நம் ஊர் வயல்களிலும் குளங்களிலும் இயல்பாக வளர்பவை. கபோம்பா அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தது. அது தொட்டியை விட்டு வெளியே போனால் என்ன ஆகும் என்பதற்குப் பக்கத்து மாநிலத்திலேயே சாட்சி இருக்கிறது.

கலரை நம்பாதீங்க

வெளிச்சம் கூடினால் சிவக்கும், குறைந்தால் பச்சையாகும் செடிகள் நிறைய. அதனால் நிறத்தை வைத்துப் பெயர் சொல்ல முடியாது. பார்க்க வேண்டியது கணு, அதாவது தண்டில் இலை முளைக்கும் இடம்.

கபோம்பாவின் இலைக்குக் காம்பு உண்டு. காம்பின் முனையில் இலை விசிறி மாதிரி விரிந்து, கிளை கிளையாகப் பிரியும். கடைகளில் அதிகம் புழங்கும் கபோம்பா கரோலினியானாவில் ஒரு கணுவுக்கு இரண்டு இலைகள், எதிரெதிராக. 'ரெட் கபோம்பா' என்று விற்கப்படும் கபோம்பா ஃபர்கேட்டாவில் பெரும்பாலும் மூன்று.

ஆம்புலியாவில் (தாவரவியல் பெயர் லிம்னோஃபிலா) இந்தக் காம்பு கிடையாது. இலைகள் தண்டிலிருந்தே நேராகக் கிளம்பி, கணுவைச் சுற்றி வட்டமாக நிற்கும். பல வகைகளைக் கசக்கினால் வாசனை வரும். இந்த இரண்டோடு குழப்பிக்கொள்ளும் வேறு இரண்டும் உண்டு. மிரியோஃபில்லத்தின் இலை அப்படியே மீன் முள்: நடுவில் ஒரு நரம்பு, இரு பக்கமும் வரிசையாக இழைகள். ஹார்ன்வோர்ட்டுக்கு வேரே கிடையாது. இலை கவட்டைக் குச்சி போல இரண்டாகப் பிரிந்து, தொட்டால் சொரசொரவென்று இருக்கும்.

பூத்துவிட்டால் சந்தேகமே இல்லை. கபோம்பா பூவில் ஆறு இதழ்கள் தனித்தனியாக இருப்பதுபோல் தெரியும். லிம்னோஃபிலா பூ சின்னக் குழாய். ஆனால் வீட்டுத் தொட்டியில் பூ வரும்வரை காத்திருக்க யாருக்குப் பொறுமை?

வாங்கும்போது ஒரு முகம், ஒரு மாதத்தில் வேறு முகம்

கூகுள் லென்ஸில் போட்டோ போட்டுப் பார்த்தேன், வேற வேற பேர் காட்டுதே என்பவர்களுக்கு ஒரு விஷயம். செடிப் பண்ணைகள் பல வகைகளைத் தண்ணீருக்கு மேலே இலை தெரியும்படிதான் வளர்க்கின்றன. வளர்ச்சி வேகம், பாசி தொல்லை குறைவு. அதே செடியை வீட்டில் முழுக்க மூழ்கவைத்தால் பழைய இலை உதிர்ந்து, வேறு வடிவில் புது இலை வரும். ரொட்டாலா ரொட்டுண்டிஃபோலியா வெளியே வட்ட இலை, தண்ணீருக்குள் நீள இலை. ஆம்புலியாவின் இறகு இலைகூடத் தண்ணீருக்குள்தான். மேலே எட்டிப் பார்க்கும் தண்டில் முழு இலைதான் இருக்கும். ஒரே செடி, இரண்டு போட்டோ, இரண்டு பெயர்.

பேர் மாறியதால் வந்த வினை

அமெரிக்காவின் ஃபுளோரிடா கதை இதற்குப் பொருத்தம். 1950-களில் இலங்கையிலிருந்து ஒரு தொட்டிச் செடி அங்கே போனது. விற்ற பெயர் வேறு. உண்மையில் அது ஹைட்ரில்லா, நம் குளங்களில் சாதாரணமாகக் கிடக்கும் பாசிச் செடி. 1960-ல் அது அங்குள்ள நீர்நிலைகளில் பரவிக் கிடப்பது தெரியவந்தபோதும், முதலில் அதை அந்த நாட்டுச் செடியான எலோடியா என்றே நினைத்தார்கள். எலோடியாவில் கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை. ஹைட்ரில்லாவில் நான்கு முதல் எட்டு, ஓரத்தில் ரம்பப் பல். மண்ணுக்குள் கிழங்கும் வைக்கும். மேலே அறுத்து எடுத்தாலும் அந்தக் கிழங்கிலிருந்து திரும்ப முளைக்கும். ஃபுளோரிடா இன்றும் அதற்காகச் செலவு செய்துகொண்டிருக்கிறது.

இங்கே பாதை நேரெதிர். 2020 நவம்பரில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டம், பேராம்பரா அருகே ஆவள பாண்டியில் ஒரு ஓடை முழுக்க இளஞ்சிவப்புப் பூவாக மாறிய போட்டோக்கள் வைரலாகின. ஊரே திரண்டு போய் செல்ஃபி எடுத்தது. வீட்டில் வளர்க்கலாமே என்று சிலர் பிடுங்கிக்கொண்டும் போனார்கள். அந்தப் பூ கபோம்பா ஃபர்கேட்டா. அதாவது நம் கடைக்காரரின் 'ரேர் பீஸ்'. கணு உள்ள ஒரு துண்டுத் தண்டு போதும், கபோம்பா புதுச் செடியாகிவிடும் என்பதால், பிடுங்கிப் போனவர்கள்மூலம் இது வேறு குளங்களுக்கும் போய்விடும் என்று தாவரவியலாளர்கள் எச்சரித்தார்கள். இதன் உறவான கரோலினியானாவின் விற்பனையை ஆஸ்திரேலியா தடை செய்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2016-ல் வெளியிட்ட அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் முதல் பட்டியலிலேயே அது இருக்கிறது.

வடசென்னைக்கு என்ன கவலை?

எண்ணூர்க்காரர்களுக்கு 'காக்கா ஆழி' என்றால் விளக்க வேண்டியதில்லை. தென் அமெரிக்கக் கரையைச் சேர்ந்த அந்தச் சிப்பி, கப்பல்கள்மூலம் வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. கழிமுகத்தின் அடித்தரையை அது போர்வை போல மூடியதில் இறால் பிடிப்பு போச்சு என்று மீனவர்கள் குமுறி, விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. கபோம்பாவுக்குக் கப்பல்கூட வேண்டாம், ஒரு பாலித்தீன் கவர் போதும்.

எண்ணூரின் உப்புத் தண்ணீரில் கபோம்பா பிழைக்காது, உண்மைதான். ஆனால் கொளத்தூரை ஒட்டியே ரெட்டேரி இருக்கிறது. பக்கத்தில் மாதவரம் ஏரி. சென்னைக்குக் குடிநீர் தரும் புழலும் தூரமில்லை. மழைக்காலத்தில் எந்தத் தண்ணீர் எதில் கலக்கும் என்று வடசென்னையில் யாரால் சொல்ல முடியும்? டாங்க் கிளீனர் என்று வாங்கி, பெரிசானதும் ஏரியில் விட்ட சக்கர் மீன் இப்போது தமிழக ஏரிகளில் வலையைக் கிழித்துக்கொண்டிருக்கிறது.

சரி, வாங்கியாச்சு. இப்போ என்ன?

பதற வேண்டாம், தொட்டிக்குள் இருக்கும்வரை அது வெறும் அழகுச் செடிதான். கவனம் தேவைப்படுவது வெட்டிப்போடும் துண்டுகளுக்கும் தொட்டி கழுவும் தண்ணீருக்கும். துண்டுகளை மொட்டை மாடியில் மொறுமொறுவென்று காயும்வரை பரப்பி வைத்து, அப்புறம் குப்பையில் போடுங்கள். தண்ணீரை ஒரு துணியில் வடிகட்டி, பூந்தொட்டிக்கு ஊற்றுங்கள். மழைநீர் வடிகாலில் வேண்டாம். அது கேப்டன் காட்டன் கால்வாய், பக்கிங்காம் கால்வாய் என்று எங்காவது போய்ச் சேரும்.

பெயர் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் தூரத்திலிருந்து எடுத்த தொட்டி போட்டோ உதவாது. ஒரு தண்டை வெள்ளைத் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து, கணு, இலையின் அடிப்பக்கம், வேர் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பார்த்துச் சொல்வார்கள். ஏற்றும்போது 'வளர்க்கப்பட்டது' என்று குறிப்பிட மறக்காதீர்கள். இல்லாவிட்டால் திருவொற்றியூரில் கபோம்பா தானாக முளைத்ததாகப் பதிவாகிவிடும். தானாக முளைத்ததையே ஏதாவது ஏரிக்கரையில் பார்த்தால் பிடுங்காமல், போட்டோவும் இடமும் குறித்து, கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தென்மண்டல மையத்துக்கோ, பக்கத்துக் கல்லூரியின் தாவரவியல் துறைக்கோ தெரிவிக்கலாம்.